ஆயத்தமா, தயாரா, எச்சரிக்கையா: கடலோரக் கிராமத்தின் புயல் அறிவிப்புக்கு எந்தச் சொல்?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகக் கிராமப் பேரிடர் மேலாண்மைக் குழு திட்டம் எழுத உட்கார்ந்தால், முகாமாகப் பயன்படும் பள்ளிக்கூடம் எது, ஜெனரேட்டர் யாரிடம் இருக்கிறது, நீச்சல் தெரிந்த இளைஞர்கள் யார் யார், தனியாக வசிக்கும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே அமர்வில் முடிவாகிவிடும். ஒலிபெருக்கியில் எந்தச் சொல்லைச் சொல்வது என்பதை மட்டும் யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. நேரம் வரும்போது மைக்கைப் பிடிப்பவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். அவர் வாய்க்கு வருவது பெரும்பாலும் ‘பொதுமக்கள் அனைவரும் தயார் நிலையில் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்ற வாக்கியம்தான். தொண்டியில் தொடங்கித் தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று நீண்டு, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை செல்லும் ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் கரையில், அந்த வாக்கியத்தைக் கேட்டவர் உடனே என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தால் பத்துப் பேரிடமிருந்து பத்துப் பதில்கள் வரும். ஆகவே, எந்தச் சொல்லைத் திட்டத்தில் எழுதுவது என்ற முடிவு, நள்ளிரவில் யார் எழுந்து எதைச் செய்வார் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

நம் முன்னே இருக்கும் சொற்கள் பல. எச்சரிக்கை, தயார், ஆயத்தம் ஆகிய மூன்றும் முதல் வரிசையில் நிற்பவை. முன்னேற்பாடு, விழிப்பு, உஷார், அணியம் ஆகியவை அவற்றுக்கு அடுத்த நிலையில் உள்ளன. எல்லாருடைய நாவிலும் நாள் முழுக்கப் புழங்கும் ‘ரெடி’யையும் விட்டுவிட முடியாது. இவற்றை ஒப்பிடுவதற்கு அகராதிப் பொருள் மட்டும் போதாது. கேட்டவருக்குத் தாம் செய்ய வேண்டிய வேலை விளங்குகிறதா, அதே சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்து குழப்புகிறதா, அந்த நிலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது தெரிகிறதா, காற்றிரைச்சலுக்கு நடுவே காதில் தெளிவாக விழுகிறதா என்ற கேள்விகளை ஒவ்வொரு சொல்லிடமும் கேட்க வேண்டும்.

இந்தக் கரைக்கே உரிய ஒரு சிக்கலையும் முதலில் சொல்லிவிட வேண்டும். ராமேஸ்வரம் தீவில் நிற்பவருக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பெண் கடல், ஆண் கடல் என்று இங்குள்ளவர்கள் அவற்றை அழைக்கிறார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் பக்கம் படகு கட்டுவதற்கு ஓரளவு அடக்கமாக இருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகும். எனவே ஒரே அறிவிப்பைக் கேட்கும் இரண்டு படகுக்காரர்களில் ஒருவர் செய்ய வேண்டியது படகை இருக்கும் இடத்திலேயே வலுவாகக் கட்டுவதாகவும், மற்றவர் செய்ய வேண்டியது பாம்பன் பாலத்தைக் கடந்து மறுபக்கம் கொண்டுபோவதாகவும் இருக்கலாம். பின்னதற்கு ரயில் பாலம் திறக்க வேண்டும்; அது படகுக்காரரின் கையில் இல்லை. கடைசி நேரத்தில் எழுந்து ஓடினால் நடக்காத வேலை அது. வீட்டிலிருப்பவர்கள் கதையும் இப்படித்தான். ஓட்டு வீடு, காங்கிரீட் வீடு, கீற்றுக் குடிசை ஆகிய மூன்றிலும் இருப்பவர்களுக்கு ஒரே வேலை இருக்க முடியாது. பொதுச்சொல் ஒன்றைச் சொல்லிவிட்டு அவரவர் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது இங்கே எவ்வளவு பலவீனமான ஏற்பாடு என்பது இதிலிருந்தே தெரியும்.

எச்சரிக்கை

அரசு அறிவிப்பு, வானொலி, தொலைக்காட்சி, செய்தித்தாள் எல்லாமே பயன்படுத்தும் சொல் என்பதுதான் எச்சரிக்கையின் பெரிய பலம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தியைக் கேட்டு வளர்ந்த ஊர்களில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அதன் வேலை செய்தி சொல்வதோடு முடிந்துவிடுகிறது. ஆபத்து வருகிறது என்று அது தெரிவிக்கிறது. அதற்கு எதிரே நாம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை.

கூண்டுகளையே எடுத்துக்கொள்வோம். 1 முதல் 11 வரையுள்ள எண்கள் கடலில் இருப்பவரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. 1, 2 ஆகியவை தொலைவில் உள்ள நிலவரத்தைச் சொல்கின்றன. 3ஆம் எண் துறைமுகத்தில் பலத்த காற்று வீசக்கூடும் என்கிறது. 4ஆம் எண், புயல் துறைமுகத்தை அச்சுறுத்துகிறது, ஆனாலும் கடைசிக்கட்ட நடவடிக்கைகளை எடுக்க வேண்டிய அளவுக்கு ஆபத்து இன்னும் முற்றவில்லை என்கிறது. 5, 6, 7 ஆகியவை அபாயத்தையும், 8, 9, 10 ஆகியவை பெரும் அபாயத்தையும் குறிக்கின்றன. அவற்றுக்குள் உள்ள வேறுபாடு, புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதைப் பற்றியது. மாலுமிக்கு அந்தப் பக்கக் கணக்கு உயிர் காக்கும் செய்தி. கரையில் ஆடு மேய்ப்பவருக்கும், பாசி எடுக்கப் போகும் பெண்ணுக்கும், கருவாடு காயவைப்பவருக்கும் அது வெறும் எண்ணாகவே போய்ச் சேர்கிறது. 11ஆம் எண்ணைத்தான் நான் ஒவ்வொரு கிராமத் திட்டத்திலும் எழுதி வைக்கச் சொல்வேன். வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். இனி யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்ற நிலையிலும் ஊர் தானாக இயங்க வேண்டும் என்பதை அந்த ஓர் எண் உணர்த்துகிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் ரயில், சிக்னல் கிடைக்காத நிலையில் முன்னேறிச் சென்று, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கடலுக்குள் போனது. செய்தி வரும் என்று காத்திருப்பதையே ஒரே திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இந்தக் கரைக்கு வேறு சான்று தேவையில்லை.

எச்சரிக்கை என்ற சொல்லில் இன்னொரு குறையும் இருக்கிறது. எனக்கு இதுவே பெரிய குறையாகத் தெரிகிறது. இந்திய வானிலை ஆய்வு மையம் நிறங்களால் தரும் அறிவிப்பில் மூன்று வேறு வேறு கட்டளைகள் அடங்கியிருக்கின்றன. மஞ்சள் என்றால் நிலவரத்தைத் தொடர்ந்து கவனித்து வர வேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் செயலில் இறங்க வேண்டும். தமிழில் இவை மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை என்றோ, மூன்றும் ‘அலர்ட்’ என்றோ வந்து சேர்கின்றன. கட்டளை மூன்றாக இருந்தது, சொல் ஒன்றாகிவிட்டது. கேட்பவர் நிறத்தை அபாயத்தின் அளவாக மட்டும் எடுத்துக்கொள்கிறார். ‘சிவப்பு வரட்டும், பார்க்கலாம்’ என்று ஆரஞ்சைக் கடந்து போகிறவர், உண்மையில் ஆயத்தமாவதற்கென்றே கொடுக்கப்பட்ட நேரத்தை இழக்கிறார். சிவப்பு வரும்போது படகை இழுத்துக் கட்டத் தொடங்குவது காலம் கடந்த வேலை.

முன்னெச்சரிக்கை என்று ‘முன்’ சேர்த்தால் சற்று நலம் பெறுகிறது. ‘முன்னெச்சரிக்கை நடவடிக்கை’ என்ற தொடரில் ஒரு செயல் இருக்கிறது. ஆனால் அது அலுவலகக் கோப்பின் தொடர். அதைத் தமக்கு இடப்பட்ட வேலையாக எந்தக் குடும்பமும் எடுத்துக்கொள்வதில்லை. அதிகாரிகள் எடுக்க வேண்டிய ஒன்றாகவே கேட்கிறது.

தயார்

உருது வழியாகத் தமிழுக்கு வந்து நெடுங்காலமாகிவிட்ட தயார் என்ற சொல்லை, அது வந்த வழிக்காக ஒதுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. குட்டையான சொல், எல்லாருக்கும் தெரிந்த சொல். ஒதுக்க வேண்டிய காரணம் இருந்தால் அது பொருளில்தான் இருக்க வேண்டும். பொருளில் உண்மையிலேயே மூன்று முடிச்சுகள் இருக்கின்றன.

முதலாவது, இந்தச் சொல் முடிந்துபோன நிலையைக் குறிக்கிறது. ‘சாப்பாடு தயார்’ என்றால் சமைத்து இறக்கியாயிற்று என்று பொருள். ‘தயாராக இருங்கள்’ என்று சொல்லும்போது, அந்த நிலைக்கு வருவதற்கு இடையில் செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. கேட்டவர் தம்மைத்தாமே பார்த்துக்கொள்கிறார். உடல் நன்றாக இருக்கிறது, மனத்தில் அச்சமில்லை, எனவே தாம் தயார்தான் என்று முடிவுசெய்கிறார். குடும்ப அட்டை பரணில் இருக்கிறது, மாத்திரை தீர்ந்துபோயிருக்கிறது, செல்போனில் சார்ஜ் இல்லை என்பதெல்லாம் அந்தச் சொல்லால் தூண்டப்படுவதில்லை.

இரண்டாவது முடிச்சு இன்னும் இறுக்கமானது. தயார் என்ற சொல் ஆயத்தத்தையும் குறிக்கும், இசைவையும் குறிக்கும். குடிசைப் பகுதிக்குச் செல்லும் தன்னார்வலர், ‘அப்பத்தா, தயாரா?’ என்று கேட்கிறார். ‘ஆட்ட விட்டுட்டு நான் எங்கயும் வரத் தயாரில்லப்பா’ என்று பதில் வருகிறது. இவர் கேட்டது மூட்டை கட்டியாயிற்றா என்பதை. அவர் சொன்னது வருவதற்கு மனமில்லை என்பதை. பட்டியலில் ‘தயாரில்லை’ என்று எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டால், அந்த வீட்டுக்குத் தேவை இன்னும் அரை மணி நேரமா அல்லது ஆடுகளை எங்கே கட்டுவது என்பதற்கு ஒரு பதிலா என்பது குழுவுக்குத் தெரியாமலே போய்விடும். முன்னதற்கு ஓர் ஆளை உதவிக்கு அனுப்பினால் போதும். பின்னதற்கு முகாமுக்கு அருகிலேயே கால்நடைக்கு இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு குறைகள். இரண்டையும் ஒரே சொல்லால் கணக்கெடுத்தால் இரண்டுக்கும் தீர்வு கிடைக்காது.

மனமில்லாமைக்கு இந்தக் கரையில் வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. வெளியே போனால் திரும்ப விடுவார்களா என்ற ஐயத்தை, அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகளிடம் வெறும் பிடிவாதம் என்று தள்ளுவது நியாயமாகாது. ‘வெளியேற்றம்’ என்ற சொல்லைக் கிராம அறிவிப்பில் முழுவதுமாகத் தவிர்க்க வேண்டும் என்று நான் கருதுவதும் இதனால்தான். கோப்பில் அது இருந்துவிட்டுப் போகட்டும். தெருவில் ‘முகாமுக்குக் கிளம்புங்கள்’ என்பதே போதும். கிளம்பியவர் திரும்பி வருவார் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

மூன்றாவது முடிச்சு, காலம். ‘மீட்புக் குழுவினர் தயார் நிலையில் உள்ளனர்’ என்ற தொடர் ஒவ்வொரு புயலின்போதும் அச்சாகிறது. எத்தனை நிமிடத்தில் கிளம்பும் நிலை அது என்று சொல்லாதவரை அந்தத் தொடரிலிருந்து ஊருக்குக் கிடைப்பது ஆறுதல் மட்டுமே. அதைவிட முக்கியமாக, தயார் என்ற நிலையை நெடுநேரம் தாங்கிப் பிடிக்க முடியாது. 2020 டிசம்பர் 2ஆம் தேதி இரவில் திரிகோணமலை அருகே இலங்கையைக் கடந்த புரெவி புயல், மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்து பாம்பனை நெருங்கி, அங்கிருந்து எளிதில் நகராமல் நின்று, ராமநாதபுரம் கடலோரத்துக்கு அருகிலேயே வலுவிழந்தது. கரையைக் கடக்கும், கடக்கும் என்று கேட்டுக்கொண்டே முகாமில் உட்கார்ந்திருப்பவருக்கு, முதல் இரவில் இருந்த கவனம் அடுத்த நாளும் அதே அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அன்றைய கூலி போகிறது என்பதும் அவருக்குத் தெரியும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாட்களே கடலுக்குப் போகும் முறை இருக்கிறது. அந்த நாளில் பலத்த காற்று என்று மீன்வளத்துறை அனுமதிச் சீட்டை நிறுத்தினால், இழப்பு ஒரு நாளோடு நிற்பதில்லை. இத்தனை விலை கொடுத்து வாங்கும் நிலையைத் தேவைக்கு முன்னதாகவே கோருவது, அடுத்த முறை அந்தச் சொல்லுக்கு யாரும் செவிசாய்க்காமல் போகவே வழிவகுக்கும்.

‘ரெடி’ என்ற சொல்லுக்கும் இதே குறைகள் உண்டு, இசைவுப் பொருள் கலப்பது உட்பட. ஆனால் அதில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது: அது பெரும்பாலும் பதிலாகவே வருகிறது. ‘ரெடியா?’ என்று கேட்டு, ‘ரெடி’ என்று வாங்கிக்கொள்கிறோம். கட்டளையாக மேலிருந்து கீழே வருவதைவிட, முடித்தவர் வாயிலிருந்து திரும்பி வரும் சொல்லாக இருப்பதே இதன் இயல்பு. தயார் என்ற சொல்லுக்கும் சரியான இடம் அதுதான் என்ற எண்ணம் எனக்கு இங்கிருந்துதான் உறுதிப்பட்டது.

ஆயத்தம்

வடமொழி வேர் கொண்ட ஆயத்தம் என்ற சொல், தமிழ்நாட்டின் அன்றாடப் பேச்சில் சற்றுப் பின்வாங்கியிருக்கிறது. மேடையிலும் எழுத்திலும் தேவாலயத்திலும் அது வழக்கத்தில் இருக்கிறது. கடலுக்கு அப்பால் இலங்கைத் தமிழில் இன்றும் நடைமுறைச் சொல். மண்டபம் மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இந்தக் கரையில் இரண்டு கரையின் தமிழும் காதில் விழுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஆயத்தம் இங்கே அவ்வளவு அந்நியமான சொல் அல்ல என்பது புரியும்.

அதன் உண்மையான பலம், அது வேலையைக் குறிக்கிறது என்பதே. ‘ஆயத்தம் செய்கிறார்கள்’, ‘ஆயத்தப் பணிகள் நடக்கின்றன’, ‘பாதி ஆயத்தம் முடிந்தது’ என்றெல்லாம் சொல்ல முடிகிறது. ‘பாதி தயார்’ என்பதில் அந்த இயல்பு இல்லை. ஆயத்தம் என்று கேட்டவுடன் ‘என்னென்ன?’ என்ற கேள்வி தானாக எழுகிறது. அந்தக் கேள்விதான் குழுவுக்கு வேண்டும்.

பைபர் படகு வைத்திருக்கும் ஒருவருக்கு ஆயத்தம் என்றால் என்ன என்று வரிசைப்படுத்திப் பார்ப்போம். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்கோ உயரமான இடத்துக்கோ தூக்கிச் செல்ல வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். வலையை இறக்கிக் கரையில் விடாமல், அலை ஏறாத தூரத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். படகை மணலில் மேலே ஏற்ற வேண்டும். அதற்கு ஏழெட்டுப் பேர் தோள் கொடுக்க வேண்டும் என்பதால், எந்தப் படகுக்கு யார் யார் என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். மேலே ஏற்ற முடியாத பெரிய படகுகளை, ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டு நங்கூரமிட வேண்டும். புயலில் உடைந்த பல படகுகளைக் காற்று நேராக உடைத்திருக்காது. பக்கத்துப் படகு வந்து இடித்திருக்கும். கயிறு உராயும் இடத்தில் பழைய டயரோ சாக்கோ சுற்ற வேண்டும். படகின் பதிவுச் சான்று, மீனவர் அடையாள அட்டை, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா நகல் எல்லாவற்றையும் நீர் புகாத ஒரே பையில் போட்டுக் கட்டி, அந்தப் பை எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைக்க வேண்டும். இந்த வேலைகளுக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, ஆள் கணக்கு உண்டு. பகல் வெளிச்சமும் காற்று ஏறாத கடலும் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை என்பதால், நேர வரையறையும் உண்டு.

வானிலைத் துறையின் புயல் அறிவிப்பு நிலைகளோடு இது நன்றாகப் பொருந்துகிறது. மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு ஓர் அறிவிப்பும், 24 மணி நேரம் முன்பு அதைவிடத் தீவிரமான அறிவிப்பும் வருகின்றன. அதற்கும் முன்னதாக, 72 மணி நேர அளவில், கண்காணிப்பு நிலை இருக்கிறது. கரையைக் கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பு, கடந்த பிறகு உள்நாட்டில் என்ன நேரும் என்ற கண்ணோட்டம் வெளியாகிறது. 48க்கும் 24க்கும் இடைப்பட்ட அந்த ஒரு நாள்தான் ஆயத்தத்துக்கு உரிய நாள்.

குறையும் இருக்கிறது. இளைஞர்கள் சிலருக்கு ஆயத்தம் என்ற சொல் பிரசங்கம்போல ஒலிக்கலாம். எல்லா ஆபத்துக்கும் அந்த ஒரு நாள் அவகாசம் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி, தாழ்வு மண்டலம் என்ற நிலையிலிருந்து ஏறத்தாழ ஒரே நாளில் புயலாக மாறியது. ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்த கன்னியாகுமரிப் பகுதி மீனவர்களுக்கு எந்தச் சொல்லும் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் புயல் ஏதும் இல்லாமலே ஒரு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதன் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் பெய்தது. இத்தகைய நாட்களுக்கு ஆயத்தம் என்பது பருவம் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலையாகிறது: வாய்க்கால் தூர்வாருவது, தாழ்வான தெருக்களைக் குறித்து வைப்பது, நீர் ஏறினால் எந்த வீட்டு மாடியில் யார் ஏறுவது என்று பேசி வைப்பது. அதற்கு ‘முன்னேற்பாடு’ என்ற சொல் மிகப் பொருத்தம். திட்டத்தின் முதல் பக்கத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஒலிபெருக்கிக்கு அது நீளம்.

மற்றவை

விழிப்பு நல்ல சொல், ஆனால் ‘விழிப்புணர்வு’ என்ற பிரசாரச் சொல் அதை முழுவதுமாக எடுத்துக்கொண்டுவிட்டது. உஷார் என்றால் திருடன் வருகிறான் என்றே முதலில் தோன்றுகிறது.

அணியம் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். தனித்தமிழில் எழுதுவோர் தயாருக்கும் ஆயத்தத்துக்கும் மாற்றாக இதை விரும்புகிறார்கள். ‘அணியமாக இருங்கள்’ என்று ஏட்டில் படிக்க அழகாகவே இருக்கிறது. ஆனால் கடற்கரையில் அணியம் என்பது படகின் முன்பகுதி. ‘அணியத்தில் கயிறு கட்டு’ என்பது அன்றாடப் பேச்சு. புயல் நேரத்தில் அணியம் என்று ஒலிபெருக்கி சொன்னால், படகுக்காரர் தம் படகின் முனையைத்தான் நினைப்பார். வேறு ஊர்களில் இந்தச் சொல்லை வளர்ப்பதற்கு நான் எதிரியல்ல. இந்தக் கரையின் அறிவிப்பில் அதற்கு இடமில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஒரே சொல்லைத் தேர்ந்தெடுத்து எல்லா நிலைக்கும் அதையே சொல்வது ஒரு வழி. மனப்பாடம் எளிது, பலகையில் எழுதுவது எளிது. அப்படித்தான் வேண்டும் என்று குழு முடிவுசெய்தால், ஆயத்தத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். எச்சரிக்கையை எடுத்தால் வேலை விடுபடும், தயாரை எடுத்தால் இசைவும் முடிவும் கலந்து குழப்பும். ஆனாலும் என் பரிந்துரை அது இல்லை. நிலைகள் மூன்றாக இருக்கும்போது சொற்களும் மூன்றாக இருக்க வேண்டும். அவற்றின் வரிசை ஒருபோதும் மாறக் கூடாது. கவனம், ஆயத்தம், கிளம்புங்கள் ஆகிய மூன்றும் ஊர் சொல்பவை. தயார் என்பது வீடு சொல்வது. ஒலிபெருக்கியில் தயார் என்ற சொல் வரவே கூடாது. ஆயத்த வேலைகளை முடித்த குடும்பம் தன் தெருப் பொறுப்பாளரிடம் சொல்லும் பதிலாக மட்டும் அது இருக்க வேண்டும். ‘ரெடி’ என்று சொன்னாலும் ஏற்றுக்கொள்ளலாம், பொருள் ஒன்றுதான்.

மஞ்சள் நிலையில் ஒலிக்க வேண்டியது இப்படி இருக்கலாம்: ‘கவனம். கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது. கடலுக்குப் போனவர்களைத் திரும்ப அழைக்கவும். தீவுப் பக்கம் பாசி எடுக்க யாரும் போக வேண்டாம். அடுத்த செய்தி மாலை 6 மணிக்கு.’ அடுத்த செய்தியின் நேரத்தைச் சொல்வது இந்த அறிவிப்பின் உயிர். ஆறு மணிக்குச் செய்தி வராவிட்டால், 11ஆம் எண் கூண்டு ஏறியதாக எண்ணிக்கொண்டு ஊர் தானாக அடுத்த நிலைக்குப் போய்விட வேண்டும்.

ஆரஞ்சு நிலைக்கு: ‘ஆயத்தம் செய்யுங்கள். படகு, வலை, எஞ்சின் வேலையை இன்று மாலை 5 மணிக்குள் முடிக்கவும். ஆவணப் பையைக் கட்டவும். மூன்று நாள் மாத்திரையும் குடிநீரும் எடுத்து வைக்கவும். முடித்தவர்கள் தெருப் பொறுப்பாளரிடம் தயார் என்று சொல்லவும்.’ பொறுப்பாளரின் நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக மூன்று பத்திகள் போதும்: வேலை முடிந்ததா, உதவி வேண்டுமா, கிளம்ப மனம் இருக்கிறதா. மூன்றாவது பத்தி தனியாக இருந்தால்தான் அப்பத்தாவின் ஆடுகளுக்கு மாலைக்குள் இடம் பார்க்க முடியும். கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள், கீற்றுக் குடிசையில் இருப்பவர்கள் ஆகியோருக்குச் சிவப்பு வரும்வரை காத்திருக்காமல் இந்த நிலையிலேயே ‘கிளம்புங்கள்’ என்று சொல்லிவிடுவது நல்லது.

சிவப்புக்கு நீண்ட வாக்கியம் வேண்டாம். ‘கிளம்புங்கள்’ என்ற சொல்லும், எந்த முகாம் என்பதும், எந்த வழி என்பதும் போதும். மாநில அவசர எண் 1070, மாவட்ட எண் 1077, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554 என்பவை பலகையில் எப்போதும் எழுதப்பட்டிருக்க வேண்டியவை. அவசரத்தில் ஒலிபெருக்கியில் வாசித்தால் யாருக்கும் மனத்தில் நிற்காது.

தொலைக்காட்சியும் செய்தித்தாளும் எச்சரிக்கை என்றே சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு கிராமம் மட்டும் வேறு சொல்லைப் புழங்கினால் குழப்பம் வராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெளியிலிருந்து வரும் செய்தியை மாற்ற நமக்கு அதிகாரமில்லை. அதைக் கேட்டபின் ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொல்லை முடிவுசெய்யும் உரிமை ஊருக்கு உண்டு. ‘ஆரஞ்சு எச்சரிக்கை வந்திருக்கிறது, எனவே ஆயத்தம்’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னால் இரண்டு பருவத்துக்குள் பழகிவிடும். 2016 முதல் பாம்பனிலிருந்து மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 பண்பலையைப் போன்ற சமுதாய வானொலி இதே சொற்களை எடுத்துக்கொண்டால், கடலில் இருப்பவருக்கும் கரையில் இருப்பவருக்கும் ஒரே மொழி கிடைக்கும். தேவாலயம், பள்ளிவாசல், கோயில் என்று எந்த ஒலிபெருக்கியில் சொன்னாலும் சொல் மாறக் கூடாது என்பதை அந்தந்த நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

சொல்லை முடிவுசெய்வதற்கு ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டம் பொருத்தமான இடம். அங்கே தீர்மானமாக எழுதி, துறைமுகத்திலும் நியாயவிலைக் கடையிலும் பலகை வைத்து, அக்டோபர் 2 கிராம சபைக்குள் ஒருமுறை ஒத்திகை நடத்திவிடலாம். ஒத்திகையில் பார்க்க வேண்டியது ஒன்றே: ‘ஆயத்தம்’ என்று ஒலிபெருக்கியில் சொன்ன நேரத்திலிருந்து, கடைசி வீட்டின் ‘தயார்’ பொறுப்பாளரின் நோட்டில் ஏறும் நேரம் வரை எவ்வளவு ஆகிறது என்பது. அந்த மணிக்கணக்கை ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனியாகப் பலகையிலேயே எழுதி வைக்க வேண்டும். ஆயத்த அறிவிப்பை எந்த நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதைக் குழு அதிலிருந்துதான் கணக்கிட முடியும்.